கூசும் செவியும் மின்னிசையும்

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒலி அலையியற்றி ஒன்று உண்டு. குமிழைத் திருப்பினால் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எந்த அதிர்வெண்ணிலும் மின் அலைகளைத் தரும். அதனை ஓர் ஒலிபெருக்கியோடு இணைத்து, சைன் அலை, இரம்பப்பல் அலை, சதுர அலை ஆகிய மூன்றையும் மாணவர்களுக்குக் காட்டுவது வழக்கம். அலைநோக்கியின் திரையில் அலையின் உருவம் தெரியும்; அதே நேரத்தில் அதன் ஒலி காதில் விழும்.

ஒரு நாள் 440 ஹெர்ட்ஸில் சதுர அலையை வைத்தபோது, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். சிவகாசிக்கு அருகே ஒரு சிற்றூர் அவருக்கு. பெற்றோர் இருவரும் பட்டாசு ஆலைத் தொழிலாளர்கள். கல்லூரி மணி அடித்தாலே முகம் சுளிப்பார். தீபாவளியன்று போர்வைக்குள் முடங்கிவிடுவார் என்றும், பட்டாசுக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டாசு பயமா என்றும் உடன் படிப்பவர்கள் கேலி செய்வதை நானே கேட்டிருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "சார், திரையிலே ரெண்டு அலையும் ஒரே உயரம்தான். சைன் அலை குத்தலே, இது மட்டும் ஏன் குத்துது?"

ஒலியின் தரம் வேறு என்று பாடநூல் விடையைச் சொல்லி அனுப்பிவிட்டேன். மாலையில் விருதுநகர் பேருந்தில் உட்கார்ந்தபோதுதான், நான் சொன்னது விடையே இல்லை என்பது உறைத்தது. ஒரு செவி எதைக் கண்டு கூசுகிறது, எதை ஏற்கிறது என்று அந்த மாணவர் கேட்டிருக்கிறார். மின்னிசையின் நூறாண்டு வரலாறு ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் சுற்றி வருகிறது. வாசகர்களே, அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

நான்கு மீட்டர் தொலைவில்

முதலில் நம் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதிலிருந்து கிளைத்ததே இன்றைய சிவகாசியின் பட்டாசுத் தொழில். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிலைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வெடியின் ஒலியை இயற்பியல் கண்ணோடு பார்க்கவே அழைக்கிறேன்.

இறுகச் சுற்றிய காகிதக் குழலுக்குள் மருந்து எரிகிறது. வெளியேற வழியின்றி வாயு திரண்டு, காகிதம் கிழியும் நொடியில் அழுத்தம் திடீரென்று வெளியே பாய்கிறது. அழுத்தம் உச்சத்தை எட்ட வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில், காது உணரும் விதத்துக்கேற்பத் திருத்திய அளவில் 125 டெசிபெல், அல்லது உச்ச அழுத்தத்தில் 145 டெசிபெல் என்ற வரம்பை மீறும் வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது என்பது 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த மைய அரசின் விதி. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் 6 டெசிபெல் குறையும். ஆகவே 125 என்பது 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107 ஆகும். நம் தெருக்களின் அகலத்தை எண்ணிப் பாருங்கள். சரவெடிக்கு அதே விதி ஒரு மடக்கைக் கணக்கையும் வைத்திருந்தது. வெடிகளின் எண்ணிக்கையின் மடக்கையை ஐந்தால் பெருக்கி, அதை வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். ஆயிரம் வெடிச் சரத்துக்கு 15 டெசிபெல் குறையும். மடக்கை எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் தரும் எடுத்துக்காட்டு இது. சரவெடிக்கே உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்துவிட்டதால், கணக்கு மட்டும் வகுப்பறையில் மிஞ்சியிருக்கிறது.

டெசிபெல் எண் கதையின் ஒரு பாதிதான். நடுக்காதில் அங்கவடி எலும்பைப் பிடித்திருக்கும் ஒரு நுண்தசை உண்டு. உடலின் எலும்புத் தசைகளுள் மிகச் சிறியது அதுவே. பேரொலி வந்தால் அது சுருங்கி எலும்பை இறுக்கி, உட்செவிக்குச் செல்லும் ஆற்றலைக் குறைக்கும். ஆனால் அது செயற்பட வினாடியின் நூறில் சில பங்குகளாவது ஆகும். வெடியின் ஒலி அதற்குள் உள்ளே போய்விடும். கதவைத் தாழிடக் காவலாளி எழுந்திருக்கும் முன்பே திருடன் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைத் தண்டிலிருந்து எழும் திடுக்கிடும் அனிச்சைச் செயலும் ஒலியின் வலிமையை மட்டும் பார்த்து எழுவதில்லை. ஒலி எவ்வளவு விரைவில் எழுகிறது என்பதையும் பார்க்கிறது. அதே வலிமையை மெல்ல மெல்ல எட்டும் ஒலிக்கு உடல் அவ்வாறு துள்ளுவதில்லை.

எல்லோருக்கும் பொதுவான இந்த அனிச்சைச் செயல் சிலருக்கு மிகையாக உண்டு. பிறர் பொறுக்கும் ஒலி அவர்களுக்கு வலியாகவே இருக்கும். மருத்துவர்கள் இதனை ஹைப்பர்அக்யூசிஸ் என்பர். மெல்லும் ஓசை, பேனாவைத் தட்டும் ஓசை போன்ற குறிப்பிட்ட ஒலிகள் மட்டும் தாங்க முடியாத எரிச்சல் தருவதற்கு மிசோஃபோனியா என்ற பெயரை ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதியர் 2001-இல் இட்டனர். ஆட்டிசம் உள்ளவர்களிடம் ஒலிக் கூச்சம் பெரும்பாலும் காணப்படுகிறது. புலன் உணர்வின் மிகையையும் குறையையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் சேர்த்துக்கொண்டது. கோழைத்தனம் என்று தெருவில் சொல்லப்படுவது இதைத்தான். பறவைகளிடம் நம் மக்கள் இன்னும் பரிவாக நடந்துகொள்கிறார்கள்: பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

விம்மலும் தம்புராவும்

ஒலியின் எழுச்சியை மேலே பார்த்தோம். இனி அதன் உட்பொருள். ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட ஒலியுணர்வு பற்றிய நூல் இத்துறையின் தாய்நூல். மின்காந்தங்களால் ஓயாமல் அதிரவைத்த இசைக்கவைகளையும் அவற்றுக்கேற்ற ஒத்ததிர்விகளையும் அடுக்கி, ஒவ்வொன்றின் வலிமையையும் கூட்டிக் குறைத்து, மனிதக் குரலின் உயிரெழுத்து ஒலிகளைச் செயற்கையாக உண்டாக்கிக் காட்டினார் அவர். மின்சாரத்தின் உதவியோடு ஒலியைத் தொகுத்த முதல் முயற்சிகளுள் இது ஒன்று.

அவர் கண்ட மற்றொரு செய்தி நமக்கு இன்னும் முக்கியம். அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேர்ந்தால் விம்மல்கள் எழும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வினாடிக்கு ஒன்றிரண்டு விம்மல்கள் என்றால் ஊஞ்சல் போல இதமாயிருக்கும். வினாடிக்கு முப்பது, நாற்பது என்று ஏறினால் விம்மல்களைத் தனித்தனியே எண்ண இயலாது. ஒலி சொரசொரப்பாகி, உப்புத்தாளைக் காதில் தேய்ப்பது போலிருக்கும். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனிதர் அலறும்போது குரலின் வீச்சு வினாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது என்றும், அபாயச் சங்குகளின் ஒலியிலும் இதே சொரசொரப்பு இருக்கிறது என்றும் காட்டியது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுட்டிய சொரசொரப்பு மூளைக்கு ஆபத்தின் குறியாகவே அமைந்துவிட்டது போலும்.

இனித் தம்புராவுக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறலால் புகழ் பெறுமுன் ஒலியியலில்தான் மூழ்கியிருந்தார். 1921-இல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரை தம்புராவையும் வீணையையும் பற்றியது. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. தம்புராவில் அவை தாராளமாக எழுகின்றன! காரணம், குதிரை எனப்படும் அந்தப் பாலத்தின் வளைந்த மேற்பரப்பும், தந்திக்கு அடியில் செருகும் ஜீவா என்ற நூலும். அதிரும் தந்தி பாலத்தை மீண்டும் மீண்டும் தொட்டுத் தொட்டு விலகுகிறது. ஒவ்வொரு தொடுகையிலும் ஆற்றல் உயர்ந்த மேற்சுரங்களுக்கு ஏறுகிறது.

உயர்ந்த மேற்சுரங்கள் இவ்வளவு இருந்தும் தம்புரா ஏன் குத்துவதில்லை? நான் அறிந்த வரையில் காரணங்கள் மூன்று. மேற்சுரங்கள் யாவும் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளுக்கு மிக நெருக்கமாக இருப்பதால் அவற்றிடையே சண்டை குறைவு. மீட்டிய கணத்திலேயே அவை உச்சத்தில் இருப்பதில்லை. விரல் விட்ட பிறகு பூ மலர்வது போல எழுகின்றன. மூன்றாவதாக, பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்ற நான்கு தந்திகளின் வரிசை மாறுவதே இல்லை. அடுத்தது என்ன என்பது செவிக்கு முன்பே தெரியும். கூசும் செவிக்குப் பெரிய எதிரி எதிர்பாராமைதான்.

தலை வெட்டிய மணி

மின்னணுக் குழாய்கள் வந்தபின் இசைக்கருவிக்குத் தந்தியும் தோலும் கட்டாயமல்ல என்றாயிற்று. ரஷ்யாவின் தெர்மின் 1920-இல் தொடாமலே வாசிக்கும் கருவியைச் செய்தார். அதன் ஒலி சைன் அலைக்கு அருகில் நிற்கும், வழுக்கிக்கொண்டு செல்லும். ஜெர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில் 1951-இல் தொடங்கிய கூடத்தில், ஸ்டாக்ஹவுசன் என்ற இளைஞர் 1953-இல் சைன் அலைகளை மட்டுமே அடுக்கி ஒரு படைப்பை அமைத்தார். இவற்றை விட நம் கேள்விக்கு நெருக்கமானது பாரிஸ் வானொலியில் 1948-இல் நடந்தது. பியர் ஷேஃபர் என்ற பொறியாளர் ஒரு மணியின் ஓசையைப் பதிவு செய்து, நாக்கு மணியில் மோதும் தொடக்கக் கணத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கேட்டார். எஞ்சியது மணியாகவே ஒலிக்கவில்லை. ஏதோ ஒரு குழல் கருவி போலிருந்தது. ஒலியின் அடையாளமும் கூர்மையும் அந்தச் சிறு முனையில்தான் அடங்கியிருந்தன.

அமெரிக்காவில் இராபர்ட் மூக் 1964-இல் உருவாக்கிய சிந்தசைசர், இந்த முனையை இசைஞரின் விரலில் கொடுத்தது. அலையியற்றி சதுர அலை, இரம்பப்பல் அலை போன்ற மேற்சுரம் நிறைந்த மூலப்பொருளைத் தரும். வடிப்பான் வேண்டாத மேற்சுரங்களைச் சீவும். இன்னொரு பகுதி வீச்சின் வடிவத்தை வரையும்: எழுச்சிக்கு எவ்வளவு நேரம், பின் எவ்வளவு தணிய வேண்டும், எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், விரலை எடுத்தபின் எவ்வளவு நேரத்தில் மறைய வேண்டும். இந்த நான்கு குமிழ்களின் யோசனையை 1965-இல் சொன்னவர் உசசேவ்ஸ்கி என்ற இசையமைப்பாளர். எழுச்சிக் குமிழை ஒரு முனைக்குத் திருப்பினால் வெடி போல் அறையும். மறு முனைக்குத் திருப்பினால் விடியற்காலை வெளிச்சம் போல் வரும். அலையியற்றி மாறவேயில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தச் சிந்தசைசர்களுள் ஒன்று ஐந்தே ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்தது என்றால் பலர் வியப்படைவர். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைஞர் மூக் கருவியோடு ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்துக் கொடுத்தார். அதற்கு முன்கதை ஒன்று உண்டு. விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாயின் சகோதரி கீதா சாராபாய், பக்கவாஜ் பயின்றவர். 1946-இல் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரிடம் மேல்நாட்டு இசையைக் கற்று, மாற்றாக அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். இசையின் பயன் என்ன என்று இந்தியாவில் சொல்வார்கள் என்று கேஜ் கேட்க, மனத்தை அடங்கச் செய்து அமைதிப்படுத்துவதே என்று தம் ஆசிரியர் சொல்லியதைக் கீதா எடுத்துரைத்தார். கேஜின் சிந்தனையையே அந்த விடை திருப்பிவிட்டது. அந்தக் கேஜின் நெடுநாள் துணைவர்தான் டியூடர்.

அகமதாபாத் கூடத்தில் கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை ஒலிநாடாக்களில் பல படைப்புகளைப் பதிந்தனர். பிறகு கூடம் மறக்கப்பட்டது. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தூசி படிந்து கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்துச் செப்பனிட்டதால், 2023-இல் தொகுப்பாக வெளிவந்துள்ளன. அவற்றைக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது, அவசரமின்மை. ஓர் அலை எழுகிறது, அதன் மேற்சுரங்கள் மெல்ல ஒளி பெறுகின்றன, மறைகின்றன. எல்லாம் அப்படி என்று சொல்லமாட்டேன். சில படைப்புகள் காதைத் துளைக்கவே செய்கின்றன. மின்னிசை என்பதனாலேயே இதம் வந்துவிடாது. இதத்தையும் துளைப்பையும் குமிழ்கள் முடிவு செய்கின்றன.

குழாய் ஒலிபெருக்கியின் குற்றம்

தமிழகத்துக்கு மின்னிசை திரைப்படத்தின் வழியே வந்தது. 1983-இல் இரண்டு நிகழ்ச்சிகள். வெவ்வேறு கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொதுமொழியாக மிடி வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையில் இயங்கும் யமஹா டிஎக்ஸ் 7 சந்தைக்கு வந்தது. ஓர் அலை மற்றோர் அலையின் அதிர்வெண்ணை மிக விரைவாக அசைப்பதால், மணி போன்ற கூரிய ஒலிகள் அதில் எளிதில் பிறக்கும். 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்திற்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தி இசையமைத்தது அன்று பெரும் பேச்சாயிற்று. அதே காலத்தில், ஓசையின்றி, வேறொரு மின்னிசைக் கருவி நம் வீடுகளுக்குள் புகுந்தது. 1970-களின் இறுதியில் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர் மின்னணுச் சுருதிக் கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கினார். தம்புராவின் மலர்ச்சியை மின்சுற்றில் வரவழைப்பது எளிதன்று. சிப்பின் நினைவகத்தில் உண்மைத் தம்புராவின் ஒலியையே பதிந்து வைக்கும் முறை பின்னர் வந்தது. இன்று அது கைப்பேசிச் செயலியாகிவிட்டது. உலகில் மிகுதியாகக் கேட்கப்படும் மின்னிசைகளுள் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். ஆனால் இதை யாரும் மின்னிசை என்று அழைப்பதில்லை!

நம் மாணவரின் சிக்கல் இங்கேதான் அவிழ்கிறது. ஒரே பாட்டைக் கைப்பேசியில் விரும்பிக் கேட்பவர், பங்குனிப் பொங்கலுக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் அதே பாட்டு வந்தால் ஊரைவிட்டே ஓடுகிறாராம். குழாய் ஒலிபெருக்கி தாழ்ந்த சுரங்களை ஏறக்குறைய விழுங்கிவிட்டு நடுச்சுரங்களையும் மேற்சுரங்களையும் மட்டும் வீசுகிறது. நம் காதுத் துளையோ ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். அதன் ஒத்ததிர்வு அலைநீளம் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 10 சென்டிமீட்டர். ஒலியின் விரைவை வினாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால் அதிர்வெண் 3,400 ஹெர்ட்ஸ். செவியின் உணர்வு 3,000, 4,000 ஹெர்ட்ஸ் அருகே மிகக் கூர்மையானது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வரைபடமாக்கினர். குழாய் ஒலிபெருக்கி சரியாக அந்த இடத்தைப் பார்த்தே எறிகிறது.

இதனோடும் நிற்கவில்லை. ஊர் முழுதும் கேட்க வேண்டும் என்று பெருக்கியின் குமிழை முற்றும் திருப்பிவிடுகிறார்கள். பெருக்கியால் தரக்கூடிய மின்னழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அலையின் உச்சி அந்த எல்லையில் முட்டி, தட்டையாக வெட்டப்படுகிறது. தலை வெட்டப்பட்ட சைன் அலை எந்த உருவத்தை நெருங்கும்? சதுர அலையை! 440 ஹெர்ட்ஸ் சதுர அலையில் 1,320, 2,200, 3,080, 3,960 என்று ஒற்றைப்படை மேற்சுரங்கள் வரிசையாக நிற்கும்; கடைசி இரண்டும் காதுத் துளையின் ஒத்ததிர்வு இடத்தில் போய் விழும். திரையில் உயரம் ஒன்றாயிருந்தாலும் சதுர அலையின் திறன் சைன் அலையைப்போல் இருமடங்கு என்பதும் உண்மை. ஆனால் அது 3 டெசிபெல் மட்டுமே. குத்தியது 3 டெசிபெல் அல்ல, அந்த மேற்சுரங்கள். ஆய்வுக்கூடத்தில் அவர் காதைப் பொத்தியது, திருவிழாக் குழாயின் சாரத்தைக் கேட்டுத்தான்.

இதை அடுத்த வாரம் அவருக்குச் சொன்னேன். சதுர அலைக்கு முன் ஒரு மின்தடையையும் மின்தேக்கியையும் கொண்டு எளிய வடிப்பான் கட்டச் சொன்னேன். தேக்கியின் மதிப்பை மாற்ற மாற்ற, திரையில் சதுரத்தின் மூலைகள் உருண்டன. அவரே கையைக் காதிலிருந்து இறக்கிவிட்டார்.

அதோடு மருத்துவரைப் பார்க்கவும் சொன்னேன். ஒலிக் கூச்சம் உள்ளவர்கள் எந்நேரமும் பஞ்சை அடைத்துக்கொண்டிருப்பது தவறு. அமைதிக்குப் பழகிய செவி மேலும் கூசும். வெடி வெடிக்கும் இடத்தில் அடைப்பான் தேவை; வீட்டில் தேவையில்லை. மெல்லிய, மாறாத இரைச்சலை மின்னணுக் கருவியால் நாள்தோறும் கேட்கச் செய்து செவியைப் படிப்படியாகப் பழக்கும் முறை உண்டு. மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் போன்ற இடங்களிலும், பெரிய அரசு மருத்துவமனைகளிலும் செவித்திறன் வல்லுநர்கள் இருக்கிறார்கள்.

சென்ற பருவத்தில் அவர் தம் செயல்முறைத் திட்டத்திற்கு ஷேஃபரின் மணிச் சோதனையையே எடுத்துக்கொண்டார். மணிக்குப் பதில் பிஜிலி வெடி. தம் வீட்டுச் சந்தில் அண்ணன் ஒன்றை வெடிக்க, வீட்டுக்குள்ளிருந்தபடி கைப்பேசியில் பதிவு செய்து, கல்லூரிக் கணினியில் முதல் இருபதில் ஒரு பங்கு வினாடியை வெட்டி எறிந்தார். எஞ்சிய பகுதிக்கு மெதுவான எழுச்சி கொடுத்து, நான்கு மடங்கு நீட்டினார். சந்தின் சுவர்களில் மோதித் திரும்பிய எதிரொலி மட்டும் மிஞ்சியது; தொலைவில் கோடை இடி உருளுவது போன்ற ஒலி. அதை வீட்டில் தம் தாயாருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். இருபது ஆண்டுகளாகப் பிஜிலிக்கு மருந்து செலுத்தும் அந்த அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு, "இது எந்த ஊர் மழைடா?" என்றாராம்.